பாறை சரிஞ்சு பவளம் உரிஞ்சு போச்சு: வெட்டணுமா, விடணுமா?

கேள்வி, 2 மார்ச் 2025
சிங்கப்பூர் ஈசூன்ல வீவக அடுக்குமாடி வீடு, பவளம் வளர்க்கிற நாலடி டேங்க். நேத்து ராத்திரி மேல் பாறை சரிஞ்சு ஃபேவியாங்கற உருண்டைப் பவளம் மேல உட்கார்ந்துடுச்சு. ஐம்பது காசு அகலத்துக்குச் சதை போயி வெள்ளையாத் தெரியுது. பக்கத்துல இருந்த டார்ச் பவளத்துல ஒரு தலை கிழிஞ்சிருக்கு. கடையில கேட்டா தூக்கிப் போடுங்க, தண்ணியைக் கெடுத்துடும்னு சொல்றாங்க. ஒரு வீடியோல அயோடின்ல முக்கச் சொல்றாங்க, இன்னொண்ணுல சூப்பர் குளூ தடவச் சொல்றாங்க. ஃபேவியாவைக் காப்பாத்த முடியுமா அண்ணே?

2 மார்ச், ராத்திரி
முடியும். தூக்கிப் போடாதீங்க. இன்னிக்கு முக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

பாறையை எடுத்து இந்தத் தடவை சரியாத மாதிரி வைங்க. ஃபேவியா இருந்த இடத்துலயே இருக்கட்டும். அலை பம்ப் நேரா காயத்துல அடிச்சா கொஞ்சம் திருப்பி விடுங்க. கசடு தங்காத அளவுக்கு ஓட்டம் இருந்தாப் போதும். டார்ச்சை மட்டும் தண்ணிக்கு வெளியே தூக்காதீங்க. உப்பிக் கிடக்கிற சதை வெளியே வந்தா தன் பாரத்துலயே தொங்கி, எலும்போட கூர் விளிம்புல இன்னும் கிழியும். நகர்த்தியே ஆகணும்னா தண்ணிக்குள்ளேயே ஒரு டப்பால ஏத்தி நகர்த்துங்க.

எல்லாரும் வெள்ளையைப் பார்த்துத்தான் பயப்படறோம். வெள்ளை, முடிஞ்சு போன இடம். பார்க்க வேண்டியது அதைச் சுத்தி இருக்கிற சதையோட விளிம்பை. விளிம்பு வழவழன்னு எலும்போட ஒட்டி, நேத்து நின்ன இடத்துலயே நின்னா அது வெறும் காயம். நூல் நூலாப் பிரிஞ்சாலோ, சளி கட்டினாலோ, தினம் கொஞ்சம் பின்வாங்கினாலோ அது நோய். முதல் வகைன்னா கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. இரண்டாவதுன்னா ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் எழுந்து வேலையைப் பாருங்க.

4 மார்ச்
விளிம்பு நகருதான்னு கண்ணால சொல்ல முடியாது. பயம் இருக்கிற கண்ணு தினமும் பெருசாத்தான் பார்க்கும். போனை ஒரே இடத்துல வச்சு, ஒரே நேரத்துல படம் எடுங்க. பக்கத்துல ஒரு ஃபிராக் பிளக் (பவளத் துண்டு ஒட்டுற சின்னக் கட்டை) கிடக்கட்டும், அளவுக்கு. நீல லைட்டை அணைச்சிட்டு வெள்ளையைப் போடுங்க. நீலத்துல எல்லாமே நல்லாத்தான் தெரியும். கடையில அதைப் போட்டு வச்சிருக்கிறதே அதுக்குத்தானே.

5 மார்ச்
ஃபேவியாவுக்கு மட்டும் அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க, டார்ச்சுக்கு ஏன் சொல்லலன்னு கேட்டிருக்கார் இன்னொருத்தர். ஃபேவியால ஒவ்வொரு வாயும் தனித்தனியாத் தெரிஞ்சாலும் மேல ஒரே தோல்தான். ஒரு பக்கம் அடிபட்டா பக்கத்து வாய்கள் சாப்பிட்டது காயத்து விளிம்புக்குப் போய்ச் சேரும். கிளை விட்ட டார்ச் அப்படி இல்ல. வளர்ந்த தலைங்களுக்கு நடுவுல சதை தொடர்பே இருக்காது, கீழ செத்த சுண்ணாம்புத் தண்டு மட்டும்தான். ஒரு தலைக்கு வந்தது அந்தத் தலையோட பாடு. அதுல ஒரு வசதியும் இருக்கு, தேவைப்பட்டா அந்த ஒண்ணை மட்டும் வெட்டி எடுத்துடலாம்.

9 மார்ச்
தம்பி நம்பர்லாம் போட்டிருக்கார். உப்பு 35, சூடு 26, கேஎச் (எலும்பு கட்ட உதவுற கார்பனேட் அளவு) 11.2, கால்சியம் 440, நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். "எல்லாம் சுத்தமா இருக்கு அண்ணே"ன்னு வேற எழுதியிருக்கார்.

சுத்தம்தான் இங்க தொந்தரவு. கடல்ல கேஎச் 7 பக்கம். 11ல வச்சு, தின்ன ஒண்ணுமில்லாத தண்ணில விட்டா எலும்பு வளரணும்னு ஒரு பக்கம் இழுக்கும், சதைக்குச் சத்து இருக்காது. அக்ரோங்கற கிளைப் பவளம் வளர்க்கிறவங்க நுனி கருகுதுன்னு புலம்புறதுல பாதி இந்தக் கதைதான். 8க்குக் கொண்டு வாங்க. ஆசிட் ஊத்தியெல்லாம் இறக்க வேண்டாம். கேஎச் ஏத்த ஊத்துற டோசிங்கை நிறுத்துங்க, பவளங்களே உறிஞ்சி இறக்கிக்கும். ஒரு நாளைக்கு கேஎச் அரைக்கு மேல மாற வேண்டாம். நைட்ரேட் 5 பக்கமும் பாஸ்பேட் 0.05 பக்கமும் வரட்டும். மீனுக்குக் கூடச் சாப்பாடு போடுங்க, பாஸ்பேட் உறிஞ்சுற மருந்தை வெளியே எடுங்க.

ஒண்ணு விட்டுப் போச்சு. ஆவியான அளவுக்கு டாப் அப் பண்றது குழாய்த் தண்ணியா? சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணில குளோரமின் இருக்கு, திறந்து வச்சா குளோரின் மாதிரி ஆவியாப் போகாது. தண்ணியைச் சுத்திகரிக்கிற, கார்பன் வச்ச ஆர்ஓ டிஐ கருவி இல்லாம ரீஃப் டேங்க் நடத்தாதீங்க.

9 மார்ச், பிறகு
தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் பத்தித் தனியா ஒருத்தர் கேட்டார். நம்ம வீட்டுக்குள்ள மத்தியானம் 31 டிகிரி, டேங்குக்கு வேண்டியது 26. சில்லர் நின்னா முதல்ல டேபிள் ஃபேனைத் தண்ணி மேல திருப்புங்க. ஆவியாகிறதுலயே இரண்டு மூணு டிகிரி குறையும். ஆனா ஆவியாகிறது தண்ணி மட்டும், உப்பு உள்ளேயே நிக்கும். டாப் அப் மறந்தா சூட்டுக்குத் தப்பிச்ச பவளம் உப்புல மாட்டும். கரண்ட் பில் பத்தி வீட்ல பேச்சு வந்தா நான் இந்த இழையைப் படிக்கவே இல்லன்னு சொல்லிடுங்க.

14 மார்ச்
டார்ச் படம் பார்த்தேன். கிழிஞ்ச தலை மேல பழுப்பா, கூழ் மாதிரி ஏதோ ஆடுது. பிரவுன் ஜெல்லிங்கற நோய். இப்ப கை வைக்கணும். இப்பவே.

எல்லா பம்ப்பையும் நிறுத்துங்க. அந்தக் கூழை ஊதிக் கலைக்காதீங்க, டேங்க் முழுக்கப் பரவும். சின்ன டியூப் போட்டு வாளிக்குள்ள உறிஞ்சி எடுங்க. அந்தத் தண்ணி சாக்கடைக்கு, திரும்ப டேங்குக்கு இல்ல. அப்புறம் டார்ச்சை டப்பாவோட வெளியே எடுத்து, நோய் வந்த தலையைச் சதைக்கு ஓரங்குலம் கீழ, வெறும் தண்டுல போன் கட்டரால (எலும்பு வெட்டுற கத்திரி) வெட்டி எறிங்க. மிச்சத் தலைகளை டேங்க் தண்ணில அயோடின் சொட்டி, வெளிர் தே-ஓ (பால் இல்லாத டீ) நிறம் வந்ததும் பத்து நிமிஷம் முக்கி, வேற நல்ல உப்புத் தண்ணில அலசுங்க. வாளி இன்னொண்ணு இருந்தா பம்ப்பும் ஹீட்டரும் போட்டு சில நாள் தனியா வைங்க.

அந்தக் கூழை மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பார்த்தா ஒரு செல் உயிரிங்க மொய்ச்சுக்கிட்டு நீந்தும். சதையை உயிரோட தின்னும். அதனாலதான் பொறுமைக்கு இங்க இடமில்ல.

முதல் நாள் முக்காதீங்கன்னு சொல்லிட்டு இப்ப முக்கச் சொல்றீங்களேன்னு யாராவது கேட்பீங்க. அன்னிக்கு விளிம்பு சுத்தமா இருந்துச்சு, இன்னிக்கு இல்ல. ஃபேவியாவோட விளிம்பு இன்னமும் சுத்தம்தான், அதனால அதுக்கு இன்னமும் முக்கல் கிடையாது.

15 மார்ச்
ஆன்டிபயாட்டிக் கேட்டு வந்த கடிதங்களுக்குப் பொதுவா ஒரே பதில். அமெரிக்கால சிலர் டார்ச்சை சிப்ரோஃப்ளாக்சசின் கலந்த தண்ணில தனியா வைக்கிறாங்க, பலனும் சொல்றாங்க. இங்க அது டாக்டர் சீட்டு இல்லாமக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. டேங்குக்குள்ள ஊத்தினா கழிவைத் தின்னுற நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போகும்.

ஃபுளோரிடால 2014ல மயாமி பக்கம் ஆரம்பிச்ச ஒரு நோய், கல் பவளங்களோட சதையையே உரிச்சுக்கிட்டுக் கரீபியன் முழுக்கப் பரவுச்சு. அதுக்கு முக்குளிச்சுப் போயி அமாக்சிசிலின் கலந்த பசையைத் தடவுறாங்க. எங்க தடவுறாங்கன்னு பாருங்க: நோய் முன்னேறுற விளிம்புல, ஒரு கோடா. நடு வெள்ளைல இல்ல.

16 மார்ச்
சம்பந்தமில்லாத ஒண்ணு, ஆனா சொல்லியாகணும். போன் கட்டரைக் கையில எடுத்த சூட்டோட ஜோவாங்கற மெத்துப் பவளத்தையும் வெட்டலாம்னு சிலருக்குத் தோணும். கையுறை, கண்ணாடி இல்லாமத் தொடாதீங்க. அதுல இருக்கிற பாலிடாக்சின் நஞ்சு விளையாட்டு இல்ல. ஜோவா ஒட்டின பாறையைக் கொதிக்கிற தண்ணில போட்டு, ஆவியை மூச்சுல இழுத்து, குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனவங்க பல நாட்டுல இருக்காங்க.

30 மார்ச்
டார்ச்சோட மிச்சத் தலைங்க விரிஞ்சிருக்கு. சந்தோஷம். ஃபேவியா விளிம்பு கொஞ்சம் உள்ள வந்திருக்கா இல்லையான்னு தெரியலன்னு எழுதியிருக்கார்.

சாப்பாடு போடுங்க. வெளிச்சமே போதும், சதைக்குள்ள வாழ்ற பாசி ஊட்டிக்கும்னு நினைக்கிறவங்க நிறைய. ஹவாய்ல மான்டிபோரா கேப்பிட்டாட்டான்னு ஒரு பவளத்தை வெளுக்க வச்சுப் பார்த்தாங்க, 2006ல வந்த ஆய்வு. பாசி போன பிறகு அது மிதவை உயிரிகளைப் பிடிச்சுத் தின்னுறதைப் பல மடங்கு கூட்டி, இழந்த சத்தைத் தானே தேத்திக்கிச்சு. பக்கத்துல இருந்த வேற இனங்களுக்கு அந்தத் திறமை இல்ல. அதனால எல்லாப் பவளமும் வாயால பிழைக்கும்னு அர்த்தமில்ல, ஆனா ஃபேவியா நல்லாவே தின்னும்.

லைட் அணைஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க, வாயைச் சுத்திச் சின்ன விரல் நீட்டும். அப்ப கொடுங்க. தேக்கா சந்தைல வாங்கின பச்சை இறாலைப் பொடிப் பொடியா நறுக்கி அலசினாலே போதும். மஞ்சள் தடவுறதுக்கு முன்னாடி எடுத்துக்குங்க. காயத்து வெள்ளைல போடாதீங்க, அங்க வாய் கிடையாது, அழுகத்தான் செய்யும். டேங்க்ல இருக்கிற கிளீனர் இறாலும் ஹெர்மிட் நண்டும் ஓடி வந்து வாய்க்குள்ள இருக்கிறதைப் பிடுங்கும், அதுலயே சதை கிழியும். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி மேல கவிழ்த்து வைங்க, தின்னு முடிச்சதும் எடுங்க.

12 ஏப்ரல்
வெள்ளை இப்ப பச்சையாப் போச்சுன்னு படம். முடிப் பாசி. எதிர்பார்த்ததுதான். வெறும் எலும்பைக் கடல்லயும் யாரும் சும்மா விடறதில்ல.

இளஞ்சிவப்பா, ஓடு மாதிரிப் படியுற பாசின்னா விட்டுடுங்க, பவளம் அது மேல ஏறி வளரும். முடிப் பாசி மேல ஏறாது. அது மண்ணைப் பிடிச்சு விளிம்புல உரசும், விளிம்பு நின்னுடும். மெல்லிசான டூத் பிரஷ்ஷால நடுவுல மட்டும் தேய்ங்க, விளிம்புல ஒரு நூல் இடம் விட்டு. டுரோகஸ் நத்தை விடலாம். டர்போ வேண்டாம், உங்க பாறையைத் திரும்பத் தள்ளி விடுறது அதுவாத்தான் இருக்கும்.

முதல் நாள் சூப்பர் குளூ வேண்டாம்னேன். புதுக் காயத்துக்கு இன்னமும் அதேதான். பாசி பிடிச்ச பழைய எலும்பு பெரிசா இருந்தா, அதைச் சுரண்டிட்டு ஜெல் வகை குளூவால மூடறது பாசிக்கு இடம் இல்லாமப் பண்ணும். பவளம் குளூ மேலயும் ஏறும். உங்க காயத்துக்கு பிரஷ்ஷே போதும்.

13 ஏப்ரல்
எவ்வளவு நாள் ஆகும்னு எல்லாரும் கேட்கறாங்க. குராசாவோ தீவுல பவளக் காயங்களை அளந்து பார்த்தவங்க கண்டது: மூடுற வேகம் ஆரம்பத்துலதான் அதிகம், போகப் போகக் குறையும். சின்னது முழுசா மூடும். ஓரளவுக்கு மேல பெரிசா இருந்தா பாதி வரைக்கும் வந்து நின்னுடும். அதனாலதான் முதல் சில வாரத்துல பாசி வராமப் பார்த்துக்கறது அவ்வளவு முக்கியம்.

காயத்தோட வடிவமும் கணக்குல வரும். ஒரே பரப்பளவுதான்னாலும் நீளமான கீறல் வட்டக் காயத்தை விடச் சீக்கிரம் ஆறும். கீறலுக்கு விளிம்பு அதிகம், நடுவுக்குத் தூரம் கம்மி. என் மான்டிங்கற தட்டுப் பவளத்துல காந்தத் துடைப்பான் இடிச்சு ஓரம் உடைஞ்சப்ப நான் ஒண்ணுமே பண்ணல, உடைஞ்ச கோடு முழுக்கத் திரும்ப வளர்ந்து முன்னை விட அகலமாச்சு. உங்களோடது வட்டம், அதனால பொறுமை வேணும்.

20 ஏப்ரல்
4 மார்ச் குறிப்புல ஒரு சேர்க்கை. வெள்ளை லைட்டுன்னு சொன்னது சளியையும் நிறத்தையும் பார்க்க. விளிம்பு வளருதான்னு பார்க்க நீலம்தான் சரி. பல பவளங்கள் காயத்து ஓரத்துலயும் வளர்ற நுனியிலயும் ஒளிர்ற நிறமியைக் கூட்டும். நீலத்துல ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுப் பார்த்தா விளிம்பு ஒரு பிரகாசமான கோடாத் தெரியும். வெள்ளைல தெரியாத அரை மில்லிமீட்டர் புதுச் சதை அதுல தெரிஞ்சுடும். இரண்டு லைட்லயும் ஒவ்வொரு படம் எடுங்க.

21 ஏப்ரல்
தூத்துக்குடி வாசகர் ஒருத்தர், கரையில ஒதுங்கின பவளத் துண்டை எடுத்து வீட்ல டேங்க் போடலாமான்னு கேட்டிருக்கார். கூடாது. இந்தியால 2001 முதல் கல் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்கு, புலி இருக்கிற அதே அட்டவணை. ஒதுங்கின துண்டுக்கும் விலக்கில்ல. இங்க சிங்கப்பூர்ல நாங்க வளர்க்கறது சைட்டீஸ் (வனவிலங்கு வணிக ஒப்பந்தம்) அனுமதியோட இறக்குமதி ஆனது.

உங்க ஊர்ல இதை விடப் பெரிய காயம் ஆறிக்கிட்டிருக்கு. மன்னார் வளைகுடால 21 தீவு, அதுல பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணிக்குள்ள போனதுக்குச் சுண்ணாம்புக்காகப் பவளம் தோண்டினது முக்கியக் காரணம். தூத்துக்குடியிலயே இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டத்துல கட்டி வளர்த்துக்கிட்டு வருது. அங்கயும் முதல் வேலை, துண்டு அசையாம நிக்கறது. ஆர்வம் இருந்தா அந்தப் பக்கம் போய்ப் பாருங்க. வீட்டுக்கு நன்னீர் டேங்க் போதும்.

3 மே
ஹேமர் பவளம் முழுக்க வெளுத்துடுச்சு, செத்துப் போச்சான்னு ஒரு கேள்வி. படத்துல சதை இருக்கு, உப்பலும் இருக்கு. அது செத்தது இல்ல, பாசியை வெளியேத்தின பவளம். சதை கண்ணாடியாப் போனதால பின்னாடி எலும்பு தெரியுது. லைட்டைக் குறைங்க, சாப்பாடு போடுங்க, இடம் மாத்தி மாத்தி வைக்காதீங்க. 2024ல நம்ம சிங்கப்பூர்த் தென் தீவுப் பக்கமும் கடல் சூடாகி நிறையப் பவளம் வெளுத்துச்சு, சூடு குறைஞ்சதும் பெரும்பாலானது நிறம் திரும்புச்சு. அந்த டிசம்பர்ல தேசியப் பூங்காக் கழகம் ஒரு லட்சம் பவளம் நடுற திட்டம் ஆரம்பிச்சிருக்கு, தொண்டூழியர்களையும் சேர்த்துக்கறாங்க. டேங்க் வச்சிருக்கறவங்க கைக்கு அது பழகின வேலை.

11 மே
ஈசூன் தம்பி ஒரு விநோதம் எழுதியிருக்கார். ஃபேவியா காயம் மூணு பக்கம் உள்ள வந்துடுச்சு, வலப் பக்கம் மட்டும் ஒரு துளி நகரல. கேஎச் சரி, பாசி இல்ல, விளிம்பும் சுத்தம்.

வலப் பக்கம் என்ன இருக்கு? ராத்திரி லைட் அணைஞ்சு இரண்டு மணி நேரம் கழிச்சு சிவப்பு டார்ச் லைட் அடிச்சுப் பாருங்க. (லைட்டைச் சொல்றேன், பவளத்தை இல்ல.)

13 மே
நினைச்சதுதான். டார்ச்சைத் தனி வாளிலேர்ந்து திரும்ப வச்சப்ப ஒரு கை நெருக்கமா வச்சுட்டார். பகல்ல இடைவெளி தெரியுது. ராத்திரி ஓட்டம் திரும்பும்போது டார்ச்சோட நுனி வந்து புதுச் சதையைத் தொட்டுத் தொட்டுச் சுடுது. ஒவ்வொரு நாளும் வளர்றது அன்னிக்கு ராத்திரியே போகுது. ஃபேவியாவும் சாது இல்ல, அதுவும் ராத்திரில நீளக் கை விடும். ஒரு சாண் தள்ளி வைங்க. கேலக்சியா பவளம் வச்சிருக்கறவங்க ஒரு சாணையும் நம்பாதீங்க, அதோட கை இன்னும் நீளும்.

இந்த ஒரு விஷயம் முதல் நாளே பட்டியல்ல வந்திருக்கணும்: ஒரு பக்கம் மட்டும் ஆறலன்னா தண்ணியைச் சோதிக்காதீங்க, பக்கத்து வீட்டைப் பாருங்க. தண்ணி கெட்டா எல்லாப் பக்கமும்தானே கெடும்.

7 ஜூன்
வலப் பக்கமும் நகருது.

19 ஜூலை
மூடிடுச்சு. நடுவுல ஒரு சின்னப் பள்ளம், மேல மெல்லிசா பச்சைத் தோல். தம்பி அடுத்த கேள்வியையும் சேர்த்தே கேட்டுட்டார்: இரண்டா வெட்டி ஒண்ணை விக்கலாமா?

யாரோ அவருக்கு மைக்ரோஃபிராக் (பொடித் துண்டா வெட்டி வளர்க்கறது) கதை சொல்லியிருக்காங்க. கதை உண்மைதான். ஃபுளோரிடா மோட் ஆய்வகத்துல டேவிட் வான் எல்க்ஹார்ன் பவளத்தை நகர்த்தும்போது டேங்க் அடியில ஒட்டியிருந்த துண்டு உடைஞ்சு, சில வாய்கள் மட்டும் அங்கயே தங்கிடுச்சு. செத்துடும்னு விட்டதை அப்புறம் பார்த்தா மளமளன்னு வளர்ந்திருந்துச்சு. அதுலேர்ந்து மெதுவா வளர்ற உருண்டைப் பவளங்களைக் கூடச் சின்னச் சின்னதா வெட்டிப் பக்கம் பக்கமா ஒட்டி வளர்க்கறாங்க. ஒரே பவளத்தோட துண்டுங்கறதால அதுங்க சண்டை போடாமச் சேர்ந்துக்கும். ஆனா அவங்க வெட்டறது நல்லாத் தேறின பவளத்தை, ஈர ரம்பத்துல. நீங்க வெட்ட நினைக்கிறது நேத்து மூடின தோலை.

முதல்ல வர்றது வெறும் தோல்தான். அதுல வாய் கிடையாது, கீழ புது எலும்பும் இன்னும் கட்டல. பள்ளத்துல வாய்கள் திறந்து, ராத்திரி விரல் நீட்டி, இறால் தின்ன ஆரம்பிக்கட்டும். அப்புறம் கேளுங்க. அப்பவும் காயம் பட்ட பக்கத்தை விட்டு, பழைய பக்கத்துலதான் வெட்டுவேன்.

20 ஜூலை
நேத்துப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பின்னாடி செகப்பா ஒண்ணு நீந்துதே, அது ஃப்ளேம் ஏஞ்சலா? எப்ப வாங்கினீங்க? சில ஏஞ்சல் பவளத்தைத் திரும்பியே பார்க்காது, சிலது நாள் முழுக்கக் கொத்தும். கொத்துறதா இருந்தா புதுத் தோல்லதான் ஆரம்பிக்கும். வெட்டின பாட்டிலைத் திரும்பக் கவிழ்த்து வச்சுட்டு, மீன் என்ன பண்ணுதுன்னு ஒரு வீடியோ எடுத்துப் போடுங்க.